உரை இல்லாத மூலம்: தோமா நற்செய்தியை வாசிக்கத் தொடங்குவோருக்கு

இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா விழாவுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையன்று, தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பகுதிக் கத்தோலிக்கக் கோவில்களில் ஒவ்வோர் ஆண்டும் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலிருந்து தோமாவின் நிகழ்ச்சி வாசிக்கப்படுகிறது. ஆணிகளின் தழும்பைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவர், எட்டு நாள் கழித்து இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் தம் கடவுள் என்றும் அறிக்கையிட்டவர், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மரபு சொல்பவர் என, அந்தத் திருத்தூதரைத் தமிழ்க் கிறித்தவர்கள் ஏறத்தாழத் தம் ஊர்க்காரரைப் போலவே அறிவார்கள். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய நற்செய்தி ஒன்றும் இருக்கிறது என்று கேள்விப்படும்போது பலர் திகைக்கிறார்கள். திருச்சபை மறைத்து வைத்த உண்மை அது என்று சிலர் பரபரப்படைகிறார்கள். தொடக்கூடாத பொய் நூல் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். இரண்டுமே நூலை வாசிப்பதற்கு முன்னதாகவே தோன்றிவிடும் எண்ணங்கள். அந்த நூல் எத்தகையது, விவிலியத்துக்கு வெளியே அது நிற்பது ஏன், நம்பிக்கையுள்ள ஒருவர் அதிலுள்ள ஒரு சொல்லுக்கு எப்படிப் பொருள் காண முயலலாம் என்பவற்றை, இதற்கு முன் அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் இறையியல் கற்பித்தவனல்லன். காவிரிப் பாசனத்து ஊர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனவே நான் சொல்லும் வழியும் தமிழாசிரியனின் வழியாகவே இருக்கும்.

தோமா நற்செய்தி என்பது இயேசு சொன்னவையாகத் தரப்படும் சொற்களின் தொகுப்பு. இன்றைய பதிப்புகள் அவற்றை 114 எனப் பிரித்து எண்ணிட்டிருக்கின்றன. இதில் பெத்லகேம் இல்லை. நோயாளிகள் நலம் பெறும் நிகழ்ச்சிகள் இல்லை. பாடுகளின் வரலாறும் உயிர்ப்பின் வரலாறும் இல்லை. பெரும்பாலான சொற்கள் "இயேசு சொன்னார்" என்று தொடங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. இடையிடையே சீடர்கள் கேள்வி கேட்கிறார்கள், அவ்வளவே. பாதிக்கும் மேற்பட்ட சொற்களுக்கு மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளில் இணையான பகுதிகள் இருப்பதால், கடுகு விதை, விதைப்பவர், காணாமற்போன ஆடு ஆகியவற்றை வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். மற்றவை நாம் எங்கும் கேட்டிராதவை. இயேசுவின் சிறுவயதுக் கதைகளைச் சொல்லும் வேறொரு நூலும், தோமா இந்தியாவுக்கு வந்து குண்டபோரஸ் மன்னனுக்கு மாளிகை கட்ட ஒப்புக்கொண்ட கதையைச் சொல்லும் தோமா பணிகள் என்ற நூலும் இதே பெயரோடு வழங்குகின்றன. அவற்றை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

நூல் கிடைத்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது நல்லது. எகிப்தில் பழைய ஆக்ஸிரிங்கஸ் நகரத்தின் குப்பைமேடுகளைத் தோண்டிய கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள், கிரேக்க மொழியில் இயேசுவின் சொற்கள் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள் துண்டுகளை 1897இலும் 1904இலும் வெளியிட்டார்கள். அவை எந்த நூலின் பகுதிகள் என்று அப்போது தெரியவில்லை. 1945ஆம் ஆண்டில் நைல் நதியோரத்து நாக் ஹம்மாடி என்ற ஊருக்கு அருகே, வயலுக்கு உரமாகும் மண்ணைத் தோண்டச் சென்ற உழவர்கள் ஒரு சாடிக்குள் தோலட்டையிட்ட பழஞ்சுவடிகளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படுகிறது. பதின்மூன்று சுவடிகளைச் சேர்ந்த ஏடுகள் அங்கே கிடைத்தன. அவற்றுள் இரண்டாம் சுவடியில், எகிப்தியக் கிறித்தவர்களின் கோப்டிக் மொழியில், தோமா நற்செய்தி முழுமையாக இருந்தது. அந்தக் கோப்டிக் படி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்கத் துண்டுகளில் மிகப் பழையது ஏறத்தாழ 200ஆம் ஆண்டை ஒட்டியது. மூலநூல் எப்போது இயற்றப்பட்டது என்பதில் அறிஞர்கள் முதல் நூற்றாண்டு தொடங்கி இரண்டாம் நூற்றாண்டின் இறுதி வரை பல கருத்துகளைச் சொல்கிறார்கள். தில்லைக் கோவிலின் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த மூவர் பதிக ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு நூல் மண்ணுக்குள் போய் மீண்டு வருவது வியப்பாகத் தோன்றாது. இரண்டு மொழிப் படிகளுக்கு இடையே பாடபேதங்கள் இருப்பதும் நமக்குப் புதிதல்ல.

இனி, விவிலியத்தில் இது ஏன் சேரவில்லை என்ற கேள்வி. எந்தெந்த நூல்கள் திருவழிபாட்டில் வாசிக்கத்தக்கவை, நம்பிக்கைக்கு அளவுகோலாகத்தக்கவை என்று திருச்சபை ஏற்றுக்கொண்ட தொகுதியையே திருமுறை என்கிறோம். அந்தத் தொகுதி ஒரே நாளில் ஒரு சபை கூடி முடிவு செய்ததன்று. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லியோன் நகரத்து ஆயர் இரனேயு நற்செய்திகள் நான்கே என்று வலியுறுத்தினார். ஆனாலும் நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சினாய்ச் சுவடியில் பர்னபாவின் திருமுகமும் ஹெர்மாவின் ஆயன் என்ற நூலும் புதிய ஏற்பாட்டு நூல்களோடு சேர்ந்தே காணப்படுகின்றன. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367ஆம் ஆண்டில் எழுதிய பாஸ்கா மடலில்தான், இன்று நாம் கொண்டுள்ள 27 நூல்களும் கூடாமல் குறையாமல் வரிசைப்படுத்தப்பட்டதை முதன்முதலாகக் காண்கிறோம். தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்கு 1715இல் முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் அதே 27 நூல்களைக் கொண்டதே.

அத்தனாசியு அந்த மடலில் திருமுறைக்கு வெளியே நின்றாலும் புதிதாகக் கற்போர் வாசிக்கலாம் என்று சில நூல்களைத் தனியே குறிப்பிட்டார். அந்தச் சலுகை தோமா நற்செய்திக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு முன்பே வரலாற்றாசிரியர் எவுசேபியு இதனைத் தப்பறை நூல்களின், அதாவது தவறான போதனை கொண்ட நூல்களின், பட்டியலில் வைத்திருந்தார். இதற்கான காரணங்களுள் ஒன்று எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. சிலுவையைச் சுமப்பது பற்றி 55ஆம் சொல்லில் ஒரு குறிப்பு வருவதைத் தவிர, இயேசு நமக்காக இறந்தார், உயிர்த்தார் என்ற அறிவிப்பு இந்த நூலில் இல்லை. அந்த அறிவிப்பின்மேல் எழுந்த ஒரு திருச்சபை, அது இல்லாத நூலைத் தன் பலிபீடத்தில் வைத்து வாசிக்காததை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்காக நூல் பயனற்றது என்று நான் கருதவில்லை. தொடக்கக் காலத்தில் இயேசுவை நேசித்த ஏதோ ஒரு கூட்டத்தார் அவர் சொற்களை எப்படிக் காதில் வாங்கினார்கள் என்பதற்கு இது சான்று. நான்கு நற்செய்திகளோடு சேர்த்து வாசிக்கும்போது இது நல்ல துணை.

இதை ஞானக்கொள்கையினரின் நூல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோரும் உண்டு. உலகைப் படைத்தவன் தாழ்ந்த ஒரு தெய்வம், மனிதனுக்குள் சிறைப்பட்ட ஒளி மறைஞானத்தால் விடுபடும் என்றெல்லாம் விரிவான புராணம் சொன்ன குழுக்கள் அக்காலத்தில் இருந்தன. நாக் ஹம்மாடிச் சுவடிகள் பலவற்றில் அத்தகைய கதைகள் உள்ளன. தோமா நற்செய்தியில் அந்தப் புராணம் விரிவாக இல்லை. சில சொற்களில் அதன் சாயல் இருக்கிறது. இந்த நூலை அந்தப் பெயரால் அழைக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. தொடக்க நிலை வாசகர் இந்த விவாதத்துக்குள் இப்போதே நுழைய வேண்டியதில்லை.

அவர் முதலில் கவனிக்க வேண்டியது நூலின் முகப்பை. உயிருள்ள இயேசு சொன்ன மறைவான சொற்கள் இவை, இவற்றை எழுதியவர் தோமா என்று அது தொடங்குகிறது. இந்தச் சொற்களின் பொருளைக் கண்டடைபவர் சாவைச் சுவைக்கமாட்டார் என்று முதல் சொல் அறிவிக்கிறது. நூலை நம்புகிறவர், மனப்பாடம் செய்கிறவர், பரப்புகிறவர் என்று சொல்லாமல், பொருள் காண்பவர் என்று சொல்லியிருப்பதைப் பாருங்கள். பொருள் காணும் உழைப்பையே வாழ்வுக்கான வழியாக இந்த நூல் முன்வைக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, பொருள் எதையும் அதுவே தருவதில்லை. மத்தேயு நற்செய்தியில் விதைப்பவர் உவமையைச் சொன்னபின் இயேசு அதற்கு விளக்கமும் தருகிறார். இங்கே அதே உவமை 9ஆம் சொல்லாக வருகிறது, ஆனால் விளக்கம் இல்லை. மூலம் இருக்கிறது, உரை இல்லை.

உரை இல்லாத மூலத்தை அணுகும் பயிற்சி தமிழ் வாசகருக்கு ஓரளவு உண்டு. ஒன்றே முக்கால் அடிக் குறளுக்குப் பழைய உரையாசிரியர் பதின்மர் என்பது மரபு. ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்ல மணக்குடவர் வேறொன்று சொல்வதை வகுப்பறையில் நாம் கண்டிருக்கிறோம். ஒரு பாட்டுக்கு முதலில் பதவுரை, பிறகு பொழிப்புரை, அதன்பிறகே விளக்கவுரை என்ற வரிசை அந்த மரபு நமக்குத் தந்த ஒழுங்கு. பாட்டு சொல்லாததைப் பாட்டின் தலையில் ஏற்றுவதை வலிந்து பொருள் கொள்ளுதல் என்று அது கண்டிக்கிறது. தோமா நற்செய்திக்கு இதே ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. ஆழ்ந்த மறைபொருள் உண்டு என்று ஒரு நூலே அறிவிக்கும்போது, வாசகரின் மனம் நேராக விளக்கவுரைக்குத் தாவ விரும்பும். தாவினால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் அவர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்ததாகவே இருக்கும்.

இன்னொரு தடையும் உண்டு. கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபின் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, சைவச் சூழலில் வளர்ந்த அவருக்கு அந்தச் சமண நூலின் பல இடங்கள் விளங்கவில்லை. அவர் ஊரிலிருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் நூல் அச்சேறியது. நூலை உயிராகக் கொண்டிருந்த மக்கள் அவருக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள். தோமா நற்செய்தியை ஓதி வாழ்ந்த சபையோ இன்று எங்கும் இல்லை. அவர்கள் எதைப் பாடினார்கள், ஒவ்வொரு சொல்லையும் எப்படி விளக்கிக் கற்பித்தார்கள் என்று சொல்ல வாரிசு எவரும் இல்லை. கேட்டுத் தெளிய வழியில்லாத இடத்தில், தனக்குத் தோன்றியதே பொருள் என்று முடிவு செய்வதில் வாசகர் இரு மடங்கு நிதானம் காட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக 97ஆம் சொல்லை எடுத்துக்கொள்வோம். எனக்கு இந்த நூலில் மிக நெருக்கமான சொல் இதுதான். விவிலியத்தில் இதற்கு இணை இல்லை. கிரேக்கத் துண்டுகளிலும் இது காணப்படவில்லை. ஒரே ஒரு கோப்டிக் சுவடியில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் செய்தியை என் சொற்களில் தருகிறேன். தந்தையின் ஆட்சி, மாவு நிறைந்த சாடியைச் சுமந்து சென்ற ஒரு பெண்ணுக்கு ஒப்பாகும். அவள் நெடுந்தொலைவு வழி நடந்துகொண்டிருக்கையில் சாடியின் காது உடைந்தது. மாவு அவளுக்குப் பின்னால் வழியெங்கும் சிந்தியது. அவள் அதை அறியவில்லை; கேடு நேர்ந்ததை உணரவில்லை. வீட்டை அடைந்து சாடியைக் கீழே இறக்கி வைத்தபோது அது வெறுமையாக இருக்கக் கண்டாள்.

பதவுரையின் அளவில் நிற்போம். அவள் யார், எந்த ஊர், மாவு விலைக்கு வாங்கியதா, அரைத்துக்கொண்டு வந்ததா என்பவை சொல்லப்படவில்லை. நம் வீட்டுக் குடத்துக்குக் காது கிடையாது. அந்நாட்டுச் சாடிகளுக்குப் பக்கவாட்டில் காது உண்டு என்பதையும், அது பெயர்ந்தால் அந்த இடத்தில் சாடி திறந்துகொள்ளலாம் என்பதையும் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் நிகழ்ச்சி விளங்கும். உடைந்தது அவள் செயலால் என்று சொல்லவில்லை. மாவு சிந்தியது அவளுக்குப் பின்னால் என்று சொல்கிறது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற குறிப்பை அதில் காணலாம், ஆனால் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல் கண்டிக்கவில்லை. அவள் வீடு வந்து சேர்ந்தாள். சாடியைத் தானே இறக்கினாள். வெறுமையைக் கண்டாள். அதன்பின் என்ன செய்தாள், அழுதாளா, சிரித்தாளா, மீண்டும் மாவுக்குப் போனாளா என்று ஒன்றுமில்லை. இதற்கு முந்தைய 96ஆம் சொல் "காதுள்ளவர் கேட்கட்டும்" என்ற அழைப்போடு முடிகிறது. இதன் முடிவில் அந்த அழைப்புகூட இல்லை.

பொழிப்பு இவ்வளவுதான்: நிறைவாகத் தொடங்கிய ஒன்று, சுமப்பவர் அறியாமலேயே வழியில் குறைந்து, இல்லத்தில் வெறுமையாக வெளிப்படுகிறது, இதற்குத்தான் தந்தையின் ஆட்சி ஒப்பிடப்படுகிறது. இந்த இடத்தில் வாசகர் திகைக்க வேண்டும். கடுகு மரமாவதும் புளிப்பு மாவு பொங்குவதும் இறையாட்சிக்கு ஒப்பு என்றால் ஏற்கிறோம்; குறைந்து போவது எப்படி ஒப்பாகும்? இந்தத் திகைப்பைச் சீக்கிரம் போக்கிக்கொள்ளாமல் சில நாள் சுமந்து நடப்பது நல்லது என்பது என் அனுபவம்.

அடுத்து, சொல்லின் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 96ஆம் சொல்லில், ஒரு பெண் சிறிது புளிப்பு மாவை மாவுக்குள் மறைத்து வைத்துப் பெரிய அப்பங்களைச் செய்கிறாள். மத்தேயுவும் லூக்காவும் விண்ணரசைப் புளிப்பு மாவுக்கு ஒப்பிட, தோமா அந்தப் பெண்ணுக்கே ஒப்பிடுகிறார். 98ஆம் சொல்லில், வலிமையுள்ள ஒருவனைக் கொல்ல எண்ணிய மனிதன், தன் கை தாங்குமா என்றறிய வீட்டுக்குள்ளேயே வாளை உருவிச் சுவரில் குத்திப் பார்க்கிறான். மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்தால், மூன்றிலும் முக்கியமான நிகழ்வு பிறர் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதும், மூன்றிலும் இறையாட்சிக்கு ஒப்பாக வைக்கப்படுவது ஒரு பொருளாக இல்லாமல் ஒரு மனிதரின் செயலாக இருப்பதும் புலப்படும். தொகுத்தவர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது விளக்கவுரைக்கு வரலாம். அறிஞர்களிடமும் இறைமக்களிடமும் பொதுவாக இரண்டு வழிகளைக் காண்கிறேன். ஒன்று, இதை எச்சரிக்கையாகக் கொள்வது: கவனமின்றி நடப்பவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை இழந்துவிட்டு, இறுதியில்தான் அதை அறிவார். விளக்குக்கு எண்ணெய் இல்லாமற்போன தோழியரின் உவமையோடு இது ஒத்துப்போகும். மற்றொன்று, வெறுமையையே பேறாகக் கொள்வது: பிலிப்பியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் என்று பாடுகிறதே, அந்த வழியில் இறையாட்சிக்குள் நடப்பவரும் தமக்கென வைத்துக்கொண்டதெல்லாம் ஒழிந்து போகும் நிலையை அடைகிறார். இரண்டுக்கும் மூலத்தில் இடமிருக்கிறது. இரண்டாவது வழியில் செல்வோர், கிறிஸ்து அறிந்தே தம்மை வெறுமையாக்கினார், இந்தப் பெண்ணோ அறியவில்லை என்ற வேறுபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் வழியில் செல்வோர், எச்சரிக்கை என்றால் கண்டிக்கும் சொல் ஒன்றுகூட ஏன் இல்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஒரு பொருள் எங்கள் ஊரிலேயே எனக்குக் கிடைத்தது. ஒரு மாலை, அக்கம்பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் முடிந்து திண்ணையில் சிலர் பேசிக்கொண்டிருந்தபோது இந்தச் சொல்லைச் சொன்னேன். திருமுறையில் உள்ளதல்ல என்பதையும் தெளிவாகச் சொன்னேன். நடவுக்கும் களைக்கும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மூத்த பெண் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மாவு போச்சு, சரி சார். அவ வீடு வந்து சேந்துட்டால்ல? ஒக்காந்து அழுதான்னு அதுல ஒண்ணும் இல்லையே." எந்த விளக்க நூலும் எனக்குக் காட்டாத ஒன்றை அவர் காட்டினார். துயரத்தை இந்தக் கதைக்குள் நாம்தான் கொண்டுவருகிறோம். மூலத்தில் அது இல்லை. வீட்டை அடைந்தாள் என்பது மூலத்தில் இருக்கிறது. பதவுரையை ஒழுங்காகக் கேட்டவர் அவர்தான்.

அந்த உரையாடலுக்குப் பின் என் மனம் சம்பா அறுவடைக் காலத்துச் சாலைகளுக்குச் சென்றது. களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வண்டியில் ஒரு சாக்கு ஓட்டையாகிவிட்டால், வண்டியோட்டிக்குத் தெரியாமல் வழிநெடுக நெல் கோடுபோல் சிந்தியிருக்கும். சிட்டுக்குருவிகள் அதன்மேல் இறங்கும். வீட்டில் கோழி வைத்திருப்பவர்கள் துடைப்பத்தோடு வந்து கூட்டி அள்ளிப் போவார்கள். நிலையத்தில் எடை குறைகிறது, ஆனால் அந்த நெல் இல்லாமல் போய்விடவில்லை. அப்படியே அந்தப் பெண்ணின் மாவும் வழியில் யாருக்கோ உணவாகியிருக்கலாமே என்ற எண்ணம் எனக்குப் பெரும் ஆறுதலாக வந்தது. தந்தையின் ஆட்சி பூமியெங்கும் பரந்து கிடக்கிறது, மனிதர்கள் அதைக் காண்பதில்லை என்று 113ஆம் சொல் சொல்வது இதனோடு பொருந்துவதுபோலவும் தோன்றியது.

இங்கேதான் தொடக்க நிலை வாசகர் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். குருவிகள் மூலத்தில் இல்லை. மாவை யாரும் அள்ளியதாக மூலம் சொல்லவில்லை. அது காவிரிக் கரையில் வாழும் ஒருவனின் தியானம். மூலத்தோடு முரண்படவில்லை என்பது மட்டுமே அதற்கு நான் கோரும் உரிமை. இதை வழிபாட்டில் இறைவார்த்தையின் விளக்கமாக எடுத்துரைக்க எனக்கு உரிமையில்லை. இந்தச் சொல்லுக்கு இதுவே பொருள் என்று இன்னொருவரிடம் வற்புறுத்தவும் உரிமையில்லை. ஆனால் என் செபத்துக்குள் அதைக் கொண்டு செல்லலாம். மூலம் சொல்வது எது, அதன் அக்கம்பக்கம் ஆதரிப்பது எது, நான் சேர்ப்பது எது என்று மூன்றையும் தனித்தனியே அறிந்து வைத்திருப்பவர் எவ்வளவு தூரம் தியானித்தாலும் வழி தவறமாட்டார் என்று நம்புகிறேன். குறிப்பேட்டில் இந்த மூன்றையும் வெவ்வேறு பக்கங்களில் எழுதும் பழக்கத்தை நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குச் செய்யுள் கற்பித்த காலத்திலிருந்து தொடரும் பழக்கம் அது.

அந்தச் செபத்தில் எனக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். பணியாற்றிய ஆண்டுகளில் எவ்வளவோ சுமந்தேன் என்று எண்ணியிருந்தேன்: கற்ற நூல்கள், கற்பித்த பாடங்கள், மறைக்கல்வி வகுப்புகள், குடும்பப் பொறுப்புகள். முதுமையில் இவற்றை இறக்கி வைத்துப் பார்க்கும்போது கையில் நிற்பது மிகக் குறைவு. நினைவும் முன்போல் இல்லை. இந்தக் குறைவைத் தோல்வி என்று கொள்ளாமல், இறையாட்சிக்கு ஒப்பான ஒன்று என்று கொள்ள முடியுமா என்று 97ஆம் சொல் என்னைக் கேட்கிறது. சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையில் மாவு குறையாமல் இருந்ததை அரசர்கள் நூலில் வாசித்து நன்றி சொல்லும் அதே வாய், மாவு தீர்ந்த சாடிக்கும் நன்றி சொல்லுமா? ஒவ்வோர் இரவும் ஆம் என்று சொல்ல எனக்கு இயல்வதில்லை. சொல்ல இயலும் இரவுகளில் என் உறக்கம் நன்றாக இருக்கிறது.

எல்லாச் சொற்களும் இப்படி இளகுவதில்லை என்பதையும் புதிய வாசகர் அறிந்திருக்க வேண்டும். கடைசிச் சொல்லாகிய 114இல், பெண்கள் வாழ்வுக்குத் தகுதியற்றவர்கள், எனவே மரியா நம்மிடமிருந்து போகட்டும் என்று பேதுரு சொல்கிறார்; அவளை ஆணாக்கும்படி நானே அவளை வழிநடத்துவேன் என்பது இயேசுவின் மறுமொழியாகத் தரப்படுகிறது. ஆண்மையை முழுமைக்கும் பெண்மையைக் குறைவுக்கும் அடையாளமாகக் கொண்ட பழங்கால மத்தியதரைக்கடல் உலகத்தின் சிந்தனை இதில் தெரிகிறது என்று விளக்கலாம். ஆணும் பெண்ணும் ஒன்றாகும் நிலையைப் பேசும் 22ஆம் சொல்லோடு இணைத்து இதனை மென்மைப்படுத்தவும் முயலலாம். அறிஞர் சிலர் முயன்றிருக்கிறார்கள். என் மனம் அதற்கு இசையவில்லை. திண்ணையில் இருந்த அந்தப் பெண்ணிடம் இதை வாசித்துக் காட்டிவிட்டு, இதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு என்று சொல்ல என்னால் முடியாது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர் மகதலா மரியா என்று சொல்லும் யோவான் நற்செய்தி அருகிலிருக்கும்போது, இந்தச் சொல்லை ஏற்காமல் விடுவதற்கு எனக்குத் தயக்கமில்லை. திருமுறைக்கு வெளியே உள்ள நூலை வாசிப்பவருக்கு இந்தச் சுதந்திரம் உண்டு. வலிந்து நல்ல பொருள் கொள்வதைவிட, இதில் என் ஆண்டவரின் குரலை நான் கேட்கவில்லை என்று நேராகச் சொல்வது அந்த நூலுக்கும் மரியாதை.

வாசிக்கத் தொடங்குவோர் முதல் சொல்லிலிருந்து வரிசையாகப் போக வேண்டிய கட்டாயமில்லை. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, 8, 9, 20, 57, 96, 107, 109 ஆகிய சொற்களை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றுள் காணாமற்போன ஆட்டைச் சொல்லும் 107க்கு மட்டும் மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். அறிந்த உவமையில் எந்த ஒரு சொல் மாறியிருக்கிறது என்று பார்க்கும் கண் அதனால் பழகும். பிறகு 97, 98, 113 ஆகியவற்றுக்கு வாருங்கள். ஒளியிலிருந்து வந்தோம் என்று பேசும் 50ஆம் சொல்லையும் அதைச் சூழ்ந்தவற்றையும் நல்ல விளக்க நூல் ஒன்றின் துணை கிடைக்கும்வரை ஒத்தி வைப்பதில் குறையொன்றுமில்லை.

இரண்டாம் சொல்லை மட்டும் எப்போதும் கையருகே வைத்திருங்கள். தேடுபவர் கண்டடையும்வரை தேடுவதை நிறுத்த வேண்டாம், கண்டடையும்போது கலங்குவார், கலங்கியபின் வியப்பார், எல்லாவற்றின்மேலும் ஆட்சி செய்வார் என்று கோப்டிக் படி சொல்கிறது. கிரேக்கத் துண்டு அதற்கு மேலும் ஒரு படியைச் சேர்த்து, ஆட்சி செய்தபின் இளைப்பாறுவார் என்கிறது. கண்டடைந்தவுடன் கலக்கம் வரும் என்பது கோப்டிக் படியில் மட்டுமே உண்டு; கிரேக்கத் துண்டு அந்த இடத்தில் வியப்பை மட்டும் சொல்கிறது. எனவே ஒரு சொல்லின் பொருள் கிட்டியதாகத் தோன்றியும் உங்களுக்குள் எந்தக் கலக்கமும் வியப்பும் எழவில்லையென்றால், பதவுரைக்குத் திரும்பி மறுபடியும் ஒருமுறை மெல்ல வாசித்துப் பாருங்கள்.